நூறு மீட்டருக்கு ஓர் இருக்கை: நகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர மன்றத் தலைவர்களே, அதிகாரிகளே,

வணக்கம். என் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கிக் கதவிலிருந்து சந்தையின் முதல் மீன்கடை வரை 430 மீட்டர். பேரனின் கைபேசியைக் கொண்டு அளந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தக் கணக்கு எனக்குத் தேவைப்படவில்லை. சந்தை பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். இன்று அங்கே போக இருபத்திரண்டு நிமிடம் ஆகிறது. திரும்ப முப்பது. திரும்பும்போது கையில் மீன் பை இருக்கும்.

சிங்கப்பூரில் எந்த நகரம், எந்த புளோக் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மறுவாரமே ஒருவர் அளவுநாடாவுடன் வந்து, என் புளோக் வாசலில் மட்டும் ஒரு பெஞ்சைப் போட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயம். நான் கேட்க வந்தது எல்லா நகரங்களுக்கும் பொருந்தும் ஒரு விதி.

முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் மறுமொழியில் சொல்வதே பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் என் குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பத்தொன்பது வயதில் தொடங்கி ஐம்பத்திரண்டு வயது வரை புகைத்தேன். நாளுக்கு ஒரு பெட்டி. வழக்கு இழுத்தால் ஒன்றரை. யாரும் என் வாயில் திணிக்கவில்லை. விட்டுப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு இருப்பது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சுருக்கமாக சிஓபிடி. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் ஏறத்தாழ 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள்.

ஒப்புக்கொண்டவனுக்கும் தண்டனைக் குறைப்புக் கேட்கும் உரிமை உண்டு என்பது நீதிமன்றத்தில் கற்றது. அதோடு, இந்தக் கூண்டில் நிற்பவர்கள் எல்லாரும் புகைத்தவர்களும் அல்லர். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு என்னோடு எட்டுப் பேர் வந்தார்கள். ஓர் அம்மா ஜொகூர்த் தோட்டத்தில் ரப்பர் விறகு அடுப்பின் முன் வளர்ந்தவர். சிகரெட்டை விரலால் தொட்டதில்லை. ஒருவர் கப்பல் பட்டறையில் மணல் பீய்ச்சித் துருவகற்றியவர், வயது ஐம்பத்து நான்குதான். இன்னொருவருக்கு இளம் வயதில் காசநோய் வந்து போன தழும்பு. 'நீங்கள் புகைப்பவரா?' என்ற கேள்வியை இவர்கள் எல்லாரும் ஒரே தொனியில் எதிர்கொள்கிறார்கள். அந்தத் தொனி எனக்குப் பழக்கமானது. குறுக்கு விசாரணையில் அரசு வழக்கறிஞர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

மொழியைப் பற்றி ஒரு சிறு விலகல். தொழில் புத்தி போகாது. ஒரு நாள் மருத்துவமனையில் எடை பார்க்கும் இடத்தில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் இருந்தார். மூச்சைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த கேள்வியை இளம் தாதி ஒருவர் தமிழாக்கினார்: "தாத்தா, உங்களுக்கு மூச்சு இல்லையா?"

பெரியவர் யோசித்துப் பார்த்தார். "இருக்கிறதம்மா. அதனால்தான் நடந்து வந்தேன்."

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். பிறகு, "மூச்சுத்திணறல் உண்டா?" என்று திருத்திக் கேட்டார். "இல்லை" என்றார் பெரியவர். எப்படி உண்டு என்பார்? திணறல் என்பது அவர் காதுக்குத் தண்ணீரில் விழுந்தவன் படும் பாடு. தாளில் 'இல்லை' என்று குறி விழப்போகும் நேரத்தில் நான் மூக்கை நுழைத்தேன். "ஐயா, இளைப்பு வருமா?" அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு விடுதலை இருந்தது. "அது எப்போதும் உண்டு தம்பி. குளித்தால் இளைப்பு, சட்டை போட்டால் இளைப்பு. போன தீபாவளிக்கு மகள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை."

இளைப்பு, இரைப்பு, மேல்மூச்சு, மூச்சு வாங்குதல், மூச்சு முட்டுதல் என்று இதற்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் வேறு நிலை. சத்தத்தோடு வந்தால் இரைப்பு. சத்தமில்லாமல் ஆளைக் கீழே இறக்கினால் இளைப்பு. அந்த இளைப்பு ஆறுவதைத்தான் 'இளைப்பாறுதல்' என்கிறோம். ஓய்வுபெற்ற பிறகு இளைப்பாறுகிறேன் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன், அந்தச் சொல்லுக்குள் ஒரு நோயும் அதன் மருந்தும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியாமல்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன்.

எங்கள் வாழ்க்கைத் தரத்தை அளக்க மருத்துவர்கள் ஒரு வினாத்தாள் வைத்திருக்கிறார்கள். லண்டன் பேராசிரியர் பால் ஜோன்ஸும் அவரது குழுவினரும் 2009இல் வெளியிட்டது. எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 40. எண் ஏற ஏற நிலைமை மோசம். இருமல், கோழை, நெஞ்சு இறுக்கம், மேடோ ஒரு மாடிப்படியோ ஏறினால் வரும் இளைப்பு, வீட்டு வேலை, தூக்கம், உடல் தெம்பு என்று கேட்பார்கள். இவற்றுக்கெல்லாம் மருத்துவரிடம் ஏதோ ஒரு வழி கைவசம் உண்டு. இன்ஹேலரை மாற்றுவார், பயிற்சிக்கு அனுப்புவார். ஆறாவது கேள்விதான் உங்களுக்கு உரியது: இந்த நுரையீரலோடு வீட்டை விட்டுக் கிளம்ப உங்களுக்குத் துணிவு இருக்கிறதா?

நான் 4 போட்டேன். மருத்துவர் ஏன் என்று கேட்டார். "வழியில் உட்கார இடமில்லை" என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. அதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இன்னொரு அளவுகோலும் உண்டு. 1940களின் பிற்பாதியிலும் 50களின் தொடக்கத்திலும் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்ந்த சார்லஸ் பிளெட்சர் வழிவந்தது; இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. இளைப்பை 0 முதல் 4 வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். '3' என்ற படியின் விளக்கம், சமதரையில் சுமார் நூறு மீட்டரோ சில நிமிடமோ நடந்ததும் மூச்சு வாங்க நிற்பவர் என்பது. '4' என்ற படி, இளைப்பினால் வீட்டை விட்டே வெளியே போக முடியாதவர். நான் மூன்றில் இருக்கிறேன். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே என் நுரையீரல் மட்டும் நிற்கிறது என்று நினைத்திருந்தேன். உங்கள் பெஞ்சுகளும் நிற்கின்றன.

ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நுரையீரல் நோய் என்றால் காற்று உள்ளே போகாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் கோளாறு பெரும்பாலும் நேர்மாறு: உள்ளே போன காற்று வெளியே வராது. மூச்சுக்குழாய்கள் குறுகிவிட்டன. விரிந்து சுருங்க வேண்டிய காற்றறைகள் பழைய ரப்பர் வளையம்போல் தொய்ந்துவிட்டன. உட்கார்ந்திருக்கும்போது மெதுவாக ஊதி வெளியேற்ற நேரம் கிடைக்கிறது. நடந்தால் மூச்சு வேகமெடுக்கிறது; பழைய காற்று இறங்குமுன் புதியது ஏறிக்கொள்கிறது. காலை நேர எம்ஆர்டி ரயிலில் இறங்குகிறவர்களுக்கு வழிவிடாமல் ஏறுகிறவர்கள் முண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். என் நெஞ்சுக்குள் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் அந்தக் கூத்துதான். பெட்டி நிறைந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் ஒரு மடக்குக் காற்றுக்கு இடமிருக்காது.

அப்போது உட்கார வேண்டும். சற்று முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து, சூடான காப்பியை ஆற்றுவதுபோல் ஊத வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் தேங்கிய காற்று இறங்கிவிடும். எழுந்து அடுத்த நூறு மீட்டர் போகலாம். இன்ஹேலருக்கு அடுத்தபடி எனக்கு வேலை செய்யும் சிகிச்சை இந்த இரண்டு நிமிடம்தான். இன்ஹேலரை மருந்தகம் தருகிறது. 2008 முதல் சிஓபிடி சிகிச்சைக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புப் பணத்தையும் எடுக்க முடிகிறது. இரண்டு நிமிடம் உட்கார இடத்தை எங்கே வாங்குவது?

மறுவாழ்வுப் பயிற்சியில் ஆறு நிமிட நடைச் சோதனை ஒன்று வைப்பார்கள். முப்பது மீட்டர் நீளமுள்ள சமதளத் தாழ்வாரம். இரு முனையிலும் கூம்பு. போய்ப்போய்த் திரும்ப வேண்டும். முடியாதபோது சுவரில் சாய்ந்து நிற்கலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நான் முதல் முறை 265 மீட்டர் நடந்தேன். எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி முடிந்தபின் 310. முப்பது மீட்டர் கூடினாலே நோயாளி உணரக்கூடிய முன்னேற்றம் என்பார்கள். இயன்முறை சிகிச்சையாளர் கைதட்டினார். வெட்கமில்லாமல் எனக்குக் கண் கலங்கியது. "இதை விட்டுவிடாதீர்கள் அங்கிள், வீட்டிலும் தினமும் நடக்க வேண்டும்" என்றார்.

நடக்காவிட்டால் என்னாகும் என்பதையும் அவர்தான் சொன்னார். இளைப்புக்குப் பயந்து உட்கார்ந்தால் கால் தசை கரையும். கரைந்த தசை அதே வேலைக்கு அதிக மூச்சைக் கேட்கும். அதனால் இளைப்பு கூடும், கூடியதால் இன்னும் உட்காருவோம். ஆள் ஒரு நாளில் வீட்டுக்குள் அடைவதில்லை. முதலில் சந்தை போகும், பிறகு காப்பிக்கடை, பிறகு கோயில், பிறகு கீழ்த்தளம். என்னோடு பயின்ற மலாய் மூதாட்டி, நாங்கள் மக்சிக் என்று அழைப்பவர், அவருக்கு வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம். நாளுக்குப் பதினைந்து மணி நேரமாவது குழாய் மூக்கில் இருக்க வேண்டும் என்பது மருத்துவர் சொல். மிச்சம் ஒன்பது மணி நேரம் அவருடையது. அதில் அவர் கீழே இறங்குவது வாரம் ஒரு முறை. இறங்கினால் உட்கார இடம் தேடியே பாதி நேரம் போய்விடுகிறதாம்.

என் 430 மீட்டருக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை சரியாகப் பாதி வழியில், மழைமரத்தின் கீழே, ஒரு சிமெண்டு மேடையில் பெஞ்சு இருந்தது. நானும் அடுத்த புளோக் சீனத் தாத்தா ஒருவரும் அதன் நிரந்தர வாடிக்கையாளர்கள். இரவில் யாரோ அங்கே உட்கார்ந்து பீர் குடித்துச் சத்தம் போட்டிருக்கிறார்கள். மேல்மாடிகளிலிருந்து புகார் போயிருக்கிறது. ஒரு காலையில் பெஞ்சைக் காணோம். மேடையில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. எழுதிக் கேட்டேன். குடியிருப்பாளர்களின் கருத்துகளைக் கவனத்தில் கொண்டு அகற்றப்பட்டது என்று பதில் வந்தது. நானும் குடியிருப்பாளன்தான். பராமரிப்புக் கட்டணம் மாதம் தவறியதில்லை. என் கருத்தைக் கேட்க யாரும் கதவைத் தட்டவில்லை. சத்தம் போடுகிறவனின் குரல் மன்றத்துக்குக் கேட்கிறது, சத்தத்தைப் பற்றிப் புகார் செய்கிறவனின் குரலும் கேட்கிறது. எங்களுக்கு இரண்டுக்கும் மூச்சு போதாது.

அன்றிலிருந்து நான் உங்கள் அறிவிப்புப் பலகைகளின் தீவிர வாசகன். நடுவழியில் ஒரு மனிதன் சும்மா நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். ஒரு முறை ஒரு பெண் பதறி ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்கப் போய்விட்டார். கையை ஆட்டித் தடுத்தேன், பேச்சு வரவில்லை. பலகையின் முன் நின்றால் அந்தத் தொல்லை இல்லை. டெங்கிக் கொசுவின் வாழ்க்கை வரலாறு, தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி, சமூக மன்றத்தின் சமையல் வகுப்பு எல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கள் நோய்க்காரர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு நடிப்பு உண்டு. ஒருவர் செருப்பைச் சரிசெய்வார், ஒருவர் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வார். நீங்கள் நலமாக நடந்து போகும் வழியில் அப்படி எத்தனை பேர் அறிவிப்புப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அரசாங்கம் தூரத்தை அளக்காமலில்லை. 2013இல் நிலப் போக்குவரத்து ஆணையம் ஒரு திட்டம் அறிவித்தது: எம்ஆர்டி நிலையத்திலிருந்து 400 மீட்டர் சுற்றளவுக்குள் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் மற்ற பொது இடங்களுக்கும் கூரையிட்ட நடைபாதை. 2018க்குள் 200 கிலோமீட்டர் போட்டும் முடித்தார்கள். நனையாமல் போகிறேன், மனமார நன்றி. ஆனால் 400 மீட்டர் எனக்கு நான்கு முறை நிற்கும் தூரம். கூரையைத் தாங்க வரிசையாகத் தூண் வைத்தவர்கள், நான்கு தூணுக்கு ஒன்றில் ஒரு பலகை பொருத்தியிருக்கலாம். மழை ஆண்டெல்லாம் பெய்வதில்லை. இளைப்புக்கு விடுமுறை கிடையாது.

சாலை கடப்பதற்கும் ஒரு நல்ல ஏற்பாடு 2009 முதல் இருக்கிறது. மூத்தோர் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்தில் தட்டினால் பச்சை மனிதன் மூன்று முதல் பதின்மூன்று விநாடி வரை கூடுதலாக நிற்பான். எனக்கு அந்த அட்டை இருக்கிறது. கப்பல் பட்டறை நண்பருக்கு இல்லை; ஐம்பத்து நான்கு வயதில் மூத்தவர் ஆக முடியாது. அவர் நுரையீரல் என்னுடையதைவிட மோசம். இது உங்கள் அதிகாரத்தில் வராது என்று தெரியும். எழுதும் வேகத்தில் வந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயும் வசதி கூடியிருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, மூத்தோர் வீடுகளுக்கு வசதி செய்துதரும் ஈஸ் திட்டத்தை 2024இல் விரிவாக்கியபோது குளியலறைக்கு மடக்கு இருக்கையையும் சேர்த்தார்கள். அதைத் திட்டமிட்டவருக்கு எங்கள் நிலை தெரிந்திருக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சோப்பு போடுவது எங்களுக்கு மலையேற்றம்.

2023 தேசிய தினப் பேரணியில், மூத்தோர் அதிகம் வாழும் பழைய பேட்டைகளில் ஓய்விடங்கள் முதலான வசதிகளைக் கூட்டும் மேம்பாடு பற்றி அப்போதைய பிரதமர் பேசினார். வரவேற்கிறேன். என் கவலை ஒன்றுதான். மேம்பாடு என்றதும் பூங்கா ஒன்று எழும், அதற்குள் பத்து இருக்கை வட்டமாக வரும். பூங்காவரை போகிறவனுக்கு இருக்கை அவ்வளவு தேவையில்லை. போகும் வழியில்தான் வேண்டும். பத்தையும் ஒரே இடத்தில் போடாமல் பிரித்துப் போடுங்கள் என்பதுதான் இந்த மடலின் மொத்தச் சரக்கு. மின்தூக்கியிலிருந்து சந்தைக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு, மருந்தகத்துக்கு, காப்பிக்கடைக்கு மக்கள் அன்றாடம் நடக்கும் வழிகளில் நூறு மீட்டருக்கு ஒன்று. அறுபதுக்கு ஒன்று என்றால் கும்பிடுவேன்.

எப்படிப்பட்ட இருக்கை என்பதிலும் எங்களுக்கு அபிப்பிராயம் உண்டு. யாரும் படுத்துத் தூங்கக் கூடாது என்று நடுவில் கைப்பிடி வைக்கிறீர்கள். பலர் அதைக் குறை சொல்வார்கள்; நான் சொல்ல மாட்டேன். அந்தக் கைப்பிடியை ஊன்றித்தான் எழுகிறோம். தாழ்வான கல்மேடைகளைத்தான் தவிருங்கள். பார்க்க அழகு, உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சை முட்டும், மூச்சுக்கு இருந்த கொஞ்ச இடமும் போய்விடும். பெஞ்சு போட இடமே இல்லாத குறுகிய நடைபாதையில் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு தடித்த கம்பி போதும். முன்கைகளை அதில் வைத்துச் சாய்ந்தால் தோள் தசைகள் மூச்சுக்கு உதவிக்கு வரும். விலையும் குறைவு. அதன்மேல் உட்கார்ந்து யாரும் பீர் குடிக்கவும் முடியாது.

உங்கள் ஊழியர்கள் இந்த இருக்கைகளுக்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டியை வைக்காமலிருந்தால் பாதி வெற்றி. தொட்டி இருந்தால் சாம்பல் தட்ட ஆள் வருவார். கீழ்த்தளத்திலும் பொது நடைவழியிலும் கூரையிட்ட நடைபாதையிலும் 2013 முதல் புகைக்கத் தடை. அதனால் புகைப்பவர்கள் திறந்தவெளிப் பெஞ்சைத் தேடிப் போகிறார்கள். எங்களுக்கும் அதே பெஞ்சுதான். அவர்களை நான் விரட்ட மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. தனியிடம் கொடுத்துவிடுங்கள். சன்னல் ஓரமாகவும் மாடத்திலும் நின்று புகைப்பதைத் தடுக்க வேண்டும் என்று 2020இல் நாடாளுமன்றத்தில் அப்போதைய உறுப்பினர் லூயிஸ் இங் பேசினார். வீட்டுக்குள் கண்காணிப்பதா என்ற தயக்கம் எழுந்தது. அந்தத் தயக்கமும் எனக்குப் புரிகிறது. கீழ்வீட்டுத் தம்பியிடம் நானே போய்ப் பேசினேன். இப்போது அவர் பின்பக்க சன்னலுக்குப் போய்விட்டார். பின்வீட்டுக்காரர் என்ன ஆனார் என்று விசாரிக்கவில்லை.

கொசுப்புகை அடிக்கும் நாளையும் நேரத்தையும் முந்தைய நாளே நான்கு மொழியிலும் மின்தூக்கிக்குள் ஒட்டுங்கள். சீனர்களின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்குக் காகிதம் எரிக்கும் இரும்புத் தொட்டிகள் கீழ்வீட்டுச் சன்னலுக்கும் இருக்கைக்கும் எட்ட இருக்கட்டும். வழிபாட்டைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் சாம்பிராணியும் கற்பூரமும் ஹோமப் புகையும் அதே கூண்டில் நிற்பவைதான். கருவறைக்கு நேரே நின்று கும்பிட்டவன் இப்போது வாசற்படிப் பக்கம் காற்றோட்டத்தில் நின்று கும்பிடுகிறேன். சாமி கோபித்ததாகத் தெரியவில்லை. மின்தூக்கிப் பழுதுபார்ப்புக்கும் இதே வேண்டுகோள்: காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்று ஒட்டிவிடாதீர்கள். எத்தனை மணிக்கு என் பக்கத்து மின்தூக்கி நிற்கும், எத்தனை மணிக்கு ஓடும் என்று போடுங்கள். ஒன்பதாம் மாடியில் இருக்கிறேன். ஒரு நாள் கீழே மாட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் மளிகைக் கடைக்காரரின் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு முறை தேநீர் கொடுத்தார். மூட்டையின் உயரம் கச்சிதமாக இருந்தது.

தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று உண்டு. என் பாட்டனார் ஊரான பட்டுக்கோட்டைப் பக்கம் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதில் இறக்கி வைத்து, மூச்சு விட்டுவிட்டு, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். உயரம் அதற்கென்றே அளந்து வைத்தது. வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நடுவார்கள். அவள் இறக்காமல் போன சுமையை வழிப்போக்கன் இறக்கட்டும் என்று நினைத்த அந்தக் குடும்பத்தாரிடம் எந்தத் துறையின் அனுமதியும் இருந்திருக்காது. இங்கேயும் தேக்கா வட்டாரத்தின் பழைய கடைவீடுகளின் முன்னால் அஞ்சடி என்னும் கூரையிட்ட நடைவழி இருந்தது. ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸ் 1822இலேயே நகரத் திட்டத்தில் எழுதி வைத்தது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அமைத்த அந்த இடத்தில் என் அப்பாவின் தலைமுறை முக்காலி போட்டு உட்கார்ந்து பத்திரிகை படித்தது. உட்காருகிற மனிதனை இந்தத் தீவு ஒரு காலத்தில் சந்தேகத்தோடு பார்க்கவில்லை.

எழுதிக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் வேறொன்று கேட்கிறேன். உங்களில் ஒருவர், முடிந்தால் திட்ட அதிகாரி, ஒரு வார நாள் காலை ஏழரை மணிக்கு என்னோடு நடந்து வாருங்கள். கோப்பு வேண்டாம், ஒரு சாக்குக்கட்டி போதும். நான் நிற்கும் இடத்தில் தரையில் ஒரு கோடு போடுங்கள். பிறகு சீனத் தாத்தாவோடு நடந்து அவர் நிற்கும் இடத்தில் ஒரு கோடு. அவர் பேசுவது தியோச்சியூ, எனக்குப் புரியாது; ஆனால் இரண்டு பேர் கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும் என்று பந்தயம் கட்டுகிறேன். மக்சிக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருடைய ஒன்பது மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை உங்களுக்காக ஒதுக்கி.

வேகமாக நடக்காதீர்கள். நடக்கும்போது என்னிடம் கேள்வி கேட்காதீர்கள், பதில் சொன்னால் இளைக்கும். முடிவில் காப்பிக்கடைக்குப் போவோம். காப்பி என் செலவு. காற்றாடிக்கு நேர் கீழே ஒரு மேசை இருக்கிறது. முகத்தில் காற்றுப் பட்டால் இளைப்பு சீக்கிரம் ஆறும் என்று பயிற்சியில் சொல்லித் தந்ததால் அங்கேதான் உட்காருவேன். ஏழே முக்காலுக்குள் போனால்தான் அது கிடைக்கும். அதனால் ஏழரை என்பதை ஏழேகால் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் மாடிக் குடியிருப்பாளர்